வாங்குபவரின் பெயர்

1

சிவப்புக் காரை விற்கப்போகிறேன் என்று நான் சொன்னதும் செல்வி அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "சின்னவீட்டைக் கைகழுவப் போறீங்களா? ஏன், உடம்புக்கு என்னவும் செய்யுதா?" என்று கேட்டாள். என் மனைவி பதினான்கு வருடமாக அந்தக் காரைச் சின்னவீடு என்றுதான் சொல்லிவருகிறாள். அவளுக்கு அதில் ஏறி இருக்கவும் பிடிக்காது, அதைப் பற்றி வேறு யாரும் குறை சொல்லவும் பிடிக்காது.

உடம்புக்குத்தான் செய்தது. ஊரைப் போலவே இங்கிலாந்திலும் கியர் மாற்றுவது இடது கை. என் இடது தோள்மூட்டு தேய்ந்துவிட்டது. நான் பஸ் டிப்போ ஒன்றில் மெக்கானிக்காக இருக்கிறேன். வைத்தியர் படம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பாரமான வேலைகளைக் குறைக்கச் சொன்னார். காரைப் பற்றியும் கேட்டேன். என்ன கார், அதில் என்ன செய்வீர்கள் என்று விசாரித்துவிட்டுச் சிரித்தார். வைத்தியர் சிரித்தால் வேண்டாம் என்று அர்த்தம். இந்த நாட்டில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்ததில் இதாவது எனக்குத் தெரியும்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு அந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வயதான ஜப்பான் கார். இரண்டே இரண்டு இருக்கை. கூரை சீலை, மடித்துப் பின்னால் போடலாம். தலைக்குப் பின்னால் ஒரு தடித்த இரும்புக் கம்பி வளைத்துப் பொருத்தியிருக்கும், கார் கவிழ்ந்தால் கழுத்தைக் காப்பாற்ற. இங்கே கார்ப்பந்தயத் திடல்களைச் சில நாட்களில் சாதாரண மனிதர்களுக்குத் திறந்துவிடுவார்கள். கட்டணம் கட்டி, ஹெல்மெட் போட்டு, உங்கள் சொந்தக் காரில் ஆசை தீரச் சுற்றலாம். பந்தயம் இல்லை, பரிசு இல்லை, நேரம் எடுப்பதும் இல்லை. வீட்டுக்கு வந்து ரயர் மாற்றுவதும் பிரேக் கட்டை மாற்றுவதும்தான் மிச்சம். எங்கள் ஊர் மட்டக்களப்பில் இதைச் சொன்னால், காசு கொடுத்து ரயரைத் தேய்க்கிறவன் என்று சிரிப்பார்கள். அவர்கள் சிரிப்பது நியாயம்தான்.

விளம்பரம் எழுத உட்கார்ந்தபோது முதலில் வந்தது ஊர்ப்பழக்கம். டொக்டர் பாவித்தது, பெண் சாரதி ஓடியது என்று போட்டால்தானே நம் ஊரில் வாகனம் விலைபோகும். என் மகள் மிதுலா பக்கத்தில் இருந்து, "அப்பா, உண்மையை எழுதுங்க" என்றாள். திடலில் ஓடிய கார் என்பதை இங்கே பலர் மறைத்து விற்பார்கள். நான் எழுதினேன். எத்தனை தடவை ஓடினேன், எதை எப்போது மாற்றினேன், எந்தச் சத்தத்தை இன்னும் கண்டுபிடிக்கவில்லை, எல்லாம் எழுதினேன்.

முதலில் வந்தவர் ஒரு கார் வியாபாரி. காரைச் சுற்றிப் பார்த்தார், பதினைந்து நிமிடத்தில் விலை பேசி முடித்தார். நான் லொக் புக்கை, அதாவது வாகனப் பதிவுப் புத்தகத்தை, மேசையில் விரித்துப் பேனாவை எடுத்தேன். அவர் என் கையை மெதுவாகத் தட்டி, "புதியவர் பெயர் எழுதும் இடத்தை வெறுமையாக விடுங்கள். நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள். நான் யாருக்காவது விற்கும்போது நிரப்பிக்கொள்கிறேன்" என்றார்.

நான் புத்தகத்தை மூடினேன். அவர் கையில் இருந்த சாவியையும் வாங்கினேன். வாங்கினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. பறித்தேன். வெளியே போகச் சொன்னேன், சத்தமாக. மிதுலா படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பிறந்த நாளில் இருந்து நான் ஓர் அந்நியரிடம் குரலை உயர்த்தி அவள் கண்டதில்லை.

"ஏன் கத்தினீங்க அவருக்கு?" என்று கேட்டாள்.

"அவன் சரியில்ல" என்றேன். அவரில் ஒரு பிழையும் இல்லை. நான் அப்படி நடந்ததற்குக் காரணம் மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கும் என் அண்ணன். அதை அன்றைக்கு அவளுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2

திடலுக்கு என்னை முதலில் கூட்டிப்போனவர் டெரிக், டிப்போவில் எனக்கு மூத்தவர். அது ஒரு பழைய விமானத்தளம். அவருடைய காரை என்னிடம் தந்து, பத்துச் சுற்று ஓடிவிட்டு வா என்றார். திடலுக்குள் இறங்கும் வாசலில் மஞ்சள் மேற்சட்டை போட்ட ஒருவர் கையை நீட்டி நிறுத்தினார். நான் இயந்திரத்தை நிறுத்தினேன். கதவைத் திறந்து இறங்கினேன். லைசன்ஸை எடுத்து நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் காரைத் தள்ளத் தொடங்கினேன்.

அந்த மனிதர் திகைத்துப்போனார். பின்னால் நின்ற கார்கள் ஹோன் அடித்தன. டெரிக் ஓடிவந்து, "என்னப்பா செய்கிறாய்?" என்று கேட்டார். என்ன செய்கிறேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. யுத்த நாட்களில் கல்லடிப் பாலத்து இராணுவச் சோதனைச்சாவடியில் அப்படித்தான். தூரத்தில் கை நீண்டால் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, இறங்கி, அடையாள அட்டையை வெளியே எடுத்து, தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். அந்தப் பக்கம் போய்த்தான் மீண்டும் ஏறலாம். என் தலை மறந்துவிட்டதைக் கை மறக்கவில்லை.

டெரிக் சிரித்தார், நானும் சிரித்தேன். பிறகு உள்ளே போய் ஓடினேன். அன்றைக்கு எனக்கு என்ன நடந்தது என்பதை நான் வீட்டில் கூடச் சரியாகச் சொன்னதில்லை. ஓடினேன், ஓடினேன், யாருமே நில் என்று சொல்லவில்லை. ஒரு வளைவுக்கு அப்பால் என்ன நிற்கிறது என்ற பயம் இல்லை. எங்கே போகிறாய், எங்கிருந்து வருகிறாய், யாருடைய வாகனம் என்று கேட்க ஒருவரும் இல்லை. ஆறாவது சுற்றில் ஹெல்மெட்டுக்குள் அழுதேன். கண்ணைத் துடைக்கவும் முடியாது, ஹெல்மெட் கண்ணாடி தடுத்தது. அடுத்த வருடம் சிவப்புக் காரை வாங்கினேன்.

மிதுலாவுக்குப் பதினாறு வயதானதும் பக்கத்து இருக்கையில் வர அனுமதி கிடைத்தது. மூன்று கோடைக்காலம் வந்தாள். "இன்னும் கொஞ்சம், அப்பா, இன்னும் கொஞ்சம்" என்பாள். பிறகு பல்கலைக்கழகம், பிறகு வேறு நகரத்தில் வேலை, சனி ஞாயிறுகளில்தான் வீட்டுக்கு வருவாள். இப்போது அவளிடம் கார் இல்லை, வேண்டவும் வேண்டாம் என்கிறாள். பெற்றோல் எரிப்பது பற்றி எனக்கு ஒரு நாள் முழுக்க விளங்கப்படுத்தினாள். அவள் சொன்னது சரி. எனக்கு மனம்தான் நொந்தது.

3

வியாபாரி போன பிறகு வந்தவர்களை நான் வாங்குபவர்களாக நடத்தவில்லை என்று மிதுலா சொல்கிறாள். விசாரித்தேன் என்கிறாள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

கடவுச்சீட்டு காட்டச் சொன்னேன். விலாசம் உறுதிப்படுத்த மின்சார பில் கேட்டேன். காருக்குப் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தேன். எங்கே வேலை, எத்தனை வருடம், இரவில் கார் எங்கே நிற்கும், வீட்டில் வேறு யார் ஓடுவார்கள் என்று கேட்டேன். ஓர் இளைஞர் பாதியில் எழுந்து, இது காரா, பெண்ணா என்று கேட்டுவிட்டுப் போனார். இன்னொருவர் வாசலிலேயே திரும்பிவிட்டார்.

இந்த நாட்டுச் சட்டம் இதில் எதையும் கேட்கவில்லை. லொக் புக்கில் வாங்குபவரின் பெயரையும் விலாசத்தையும் எழுதிக் கையெழுத்து வைத்துத் தபாலில் போட்டால் முடிந்தது. ஊரைப் போலக் கச்சேரி அலுவலகத்துக்குப் போகத் தேவையில்லை, சாட்சி வேண்டாம், முத்திரை வேண்டாம். அந்தப் புத்தகத்தின் முகப்பிலேயே, இதில் பெயர் இருப்பவரை உரிமையாளர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, வாகனத்தை வைத்திருப்பவர் என்று மட்டும்தான் பொருள் என்று அச்சடித்திருக்கிறார்கள். நான் அந்த வரியை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் உடனே புத்தகத்தை மூடிவிடுவேன்.

கடைசியாக வந்தவர் ஃபியோனா. ஐம்பத்தைந்து வயது, தபால்காரி. தன் ஹெல்மெட்டையும் கொண்டுவந்திருந்தார். நான் கேட்பதற்கு முன்னமே காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார். நான் கேட்டதும் கடவுச்சீட்டைத் தந்தார், பில்லைத் தந்தார், படத்துக்கு நின்றார். "இன்னும் சந்தேகமென்றால் என் வீட்டுக்கு வந்து பாருங்கள்" என்று பகிடியாகச் சொன்னார். நான் அடுத்த நாளே போனேன். மிதுலா வெட்கத்தில் எங்கள் மற்றக் காருக்குள்ளேயே இருந்துவிட்டாள். ஃபியோனா கராஜைத் திறந்து காட்டினார், கூட்டித் துடைத்து வைத்திருந்தார். தேநீரும் தந்தார். சனிக்கிழமை இரண்டு மணிக்கு வந்து எடுப்பதாகப் பேச்சு.

திரும்பி வரும்போது மிதுலா சொன்னாள்: "அப்பா, அவ நல்லவ. உங்களுக்கு அது தெரியும். ஆனா நீங்க இப்பவும் பயந்துகொண்டு இருக்கிறீங்க. என்ன பயம்? எனக்குச் சொல்லுங்க. இல்லாட்டி நான் அடுத்த கிழமை வரமாட்டன்."

அவள் அப்படி மிரட்டுகிறவள் அல்ல. நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

4

அண்ணனின் பெயர் நாதன். எனக்கு ஏழு வயது மூத்தவர், ஏறாவூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தார். ஆசிரியர் கடன் எடுத்து ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். அதைத் தினமும் துடைப்பார். என்னைத் தொடவிட மாட்டார், ஆனால் பின்னால் ஏற்றிக்கொண்டு கடற்கரை வீதியில் ஒரு சுற்றுச் சுற்றுவார்.

எனக்கு இருபது வயதானபோது என் வயதுப் பையன்களுக்கு ஊரில் இருக்க வழி இல்லை. யுத்தத்தில் எந்தப் பக்கத்துக்காவது சண்டைக்குப் போக வேண்டும், அல்லது எந்தப் பக்கத்தாலாவது கொண்டுபோகப்படுவோம். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்சிக்காரன் ஐந்து நாளில் கொழும்புக்கு வரச் சொன்னான். கையில் காசு இல்லை. அண்ணன் மோட்டார் சைக்கிள் சாவியை என்னிடம் தந்து, "வித்துப்போட்டு வா" என்றார்.

நான் ஒரு தரகரைப் பிடித்தேன். அவன் கைமாற்றுப் படிவத்தில் அண்ணனின் கையெழுத்து மட்டும் போதும் என்றான். வாங்குபவர் பெயர், திகதி இரண்டும் வெறுமையாக இருக்கட்டும், தான் பிறகு நிரப்புவதாகச் சொன்னான். ஊரில் இதை ஓப்பன் பேப்பர் என்பார்கள், இன்றைக்கும் நடக்கிறது. நான் படிவத்தை அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாரும் இப்பிடித்தான் அண்ணா செய்யிறவங்க" என்றேன். அவர் கையெழுத்து வைத்தார்.

நான் கொழும்பு போனேன். ஏஜென்சிக்காரன் இன்றைக்கு, நாளைக்கு என்று ஏழு கிழமை ஒரு லொட்ஜில் கிடக்க வைத்தான். பிறகு ஒரு நாடு, இன்னொரு நாடு. லண்டன் வந்து சேர்ந்தபோது, நான் தங்கவிருந்த வீட்டில் அம்மாவின் கடிதம் எனக்கு முன்னரே வந்து கிடந்தது. நான் ஊரைவிட்டு வந்து இரண்டாம் கிழமையே இராணுவத்தினர் அண்ணனைக் கொண்டுபோய்விட்டார்கள். எங்கோ ஓரிடத்தில் ஏதோ தாக்குதல் நடந்து, அங்கே விட்டுப்போன அந்த மோட்டார் சைக்கிளின் புத்தகத்தில் இன்னும் அண்ணனின் பெயர்தான் இருந்தது. அம்மா கடைசி வரியில், நீ எக்காரணம் கொண்டும் திரும்பி வராதே என்று எழுதியிருந்தா.

பதினொரு மாதம் வைத்திருந்தார்கள். அம்மா கிழமைக்குக் கிழமை முகாம் வாசலில் போய் நின்றா. அண்ணனுக்குப் பேசியிருந்த பெண் வேறு கல்யாணம் வேண்டாம் என்று காத்திருந்தா, அவதான் இப்போது எங்கள் மச்சாள். அண்ணன் வெளியே வந்து மீண்டும் படிப்பித்தார், ஓய்வும் பெற்றுவிட்டார். மோட்டார் சைக்கிள் அதன் பிறகு வாங்கவே இல்லை.

இரண்டு தடவை ஊருக்குப் போயிருக்கிறேன். விமான நிலையத்துக்கு அண்ணன் வந்தார். கல்லடி வரும்வரை ஏழு மணித்தியாலம் வான் வண்டியில் ஒன்றாக இருந்தோம். பாதை நன்றாகப் போட்டிருக்கிறார்கள் என்று பேசினோம். அந்தப் பதினொரு மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போன் எடுப்பேன். அப்போதும் இல்லை.

"என்னாலதான் அவரைக் கொண்டுபோனாங்க" என்று மிதுலாவிடம் சொன்னேன். "அந்தப் பேப்பரை அவர்ட கையில குடுத்தது நான். ஒரு நாளும் நான் அவரிட்ட மன்னிப்புக் கேக்கல்ல."

மிதுலா அழுதாள். எனக்காக அழுதாளா, பெரியப்பாவுக்காக அழுதாளா தெரியாது. இருபத்தாறு வருடமாக அவளிடம் இதை மறைத்ததற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

5

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மிதுலா என்னைக் கேட்காமல் கல்லடிக்கு வட்ஸ்அப்பில் அழைத்தாள். போனைச் சமையலறை மேசையில் நிமிர்த்தி வைத்து, என்னையும் இழுத்துப் பக்கத்தில் இருத்தினாள். செல்வி பருப்புக் கழுவிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பின்னால் நின்றாள்.

அண்ணன் திரையில் வந்தார். சாரமும் வெறும் மேலும். "என்ன மனே, நீ எடுக்கிறாய்? இண்டைக்கு இஞ்ச மழை வரப்போகுது." மகளை எங்கள் ஊரில் மனே என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பெரியப்பா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள் மிதுலா. அவளுடைய தமிழ் பாதி எங்களிடம் படித்தது, பாதி இந்தியப் படங்களில் படித்தது.

"கேக்கணுமா? கேளு, கேளு. மெட்ராஸ் பொண்ணு கேட்டா சொல்லாம இருக்க ஏலுமா?"

"அப்பா காரை விக்கிறார். ஆனா விக்க ஏலாம இருக்கிறார். பேர் எழுதுற இடத்தைக் கண்டா அவருக்குப் பயம். உங்கட மோட்டார் சைக்கிளால. உங்களைக் கொண்டுபோனது தன்ட பிழை எண்டு சொல்றார்."

அண்ணன் போனை இறக்கிப் பிடித்தாரோ என்னவோ, கொஞ்ச நேரம் வீட்டு மின்விசிறிதான் தெரிந்தது. நான் எழும்பிப் போகப் பார்த்தேன். செல்வி என் தோளை அமத்தினாள், நல்லவேளை வலது தோள்.

"தம்பி இருக்கானா அங்க?"

"இருக்கன் அண்ணா."

"வெறும் பேப்பரில கையெழுத்து வெச்சா என்ன நடக்கும் எண்டு தெரியாமலா நான் வெச்சன்? கணக்குப் படிப்பிக்கிறவன்டா நான். கச்சேரியில பேர் மாத்த ரெண்டு கிழமை போகும். உனக்குக் கிடந்தது அஞ்சு நாள். அந்த மாசம் எங்கட ஒழுங்கையில உன்ட வயசுப் பொடியனுகள் எத்தின பேர் மிச்சம்? எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சிப் பாத்துத்தான் வெச்சன். நீ சொன்னதுக்காக வெச்சன் எண்டு நினைச்சியா?"

"எண்டாலும் வித்தது நான்தானே அண்ணா."

"ஓம், வித்தது நீதான்." அண்ணன் சிரித்தார். "அதுதானே கரைச்சலே. கொண்டுபோன முதல் நாளே கேட்டாங்க, ஆரு வித்தது, ஆருக்கு வித்தது எண்டு. உன்ட பேரைச் சொல்லியிருந்தா ரெண்டு நாளில என்னை விட்டிருப்பாங்க. வாத்தியார் எண்டு அவங்களுக்குத் தெரியும். நான்தான் வித்தன், வாங்கினவனைத் தெரியா எண்டு சொன்னன்."

"ஏன் பெரியப்பா?" என்றாள் மிதுலா.

"உங்கப்பா அப்ப எங்க இருந்தான்? கொழும்பில லொட்ஜிலதானே கிடந்தான். பேரைச் சொன்னா அண்டைக்கே போய்த் தூக்கியிருப்பாங்க. இருபது வயசுப் பொடியன். அவன் திரும்பி வந்திருப்பானா மனே?"

மேசையில் என் இரண்டு கையும் கிடந்தன. அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மறுகா, மூணு மாசம் கழிச்சி, இவன் லண்டன் போய்ச் சேந்திட்டான் எண்டு அம்மா வாசல்ல வந்து சொன்னா. அதுக்குப் பிறகுதான் சொன்னன், வித்தது நான் இல்ல, தம்பிதான், அவன் இப்ப லண்டன்ல எண்டு. ஆரு நம்பின? கதையை மாத்திறாய் எண்டு இன்னும் எட்டு மாசம் வெச்சிருந்தாங்க." இதையும் அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பின்னால் மச்சாளின் குரல் கேட்டது, "சிரிக்கிறதைப் பாரு" என்று.

அந்த ஏழு கிழமையும் நான் லொட்ஜில் என்ன செய்தேன் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஏஜென்சிக்காரனைத் திட்டினேன். சோறு சரியில்லை என்று சண்டை பிடித்தேன். நுளம்பு கடிக்கிறது என்று அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். அந்த நேரத்தில் அண்ணனிடம் ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"இவ்வளவு காலமும் ஏன் அண்ணா சொல்லல்ல?"

"நீ கேட்டாத்தானே. ஞாயிற்றுக்கிழமை எடுத்தா மீன் என்ன விலை எண்டு கேப்பாய். நானும் விலையைச் சொல்லுவன்."

நேரம் போனது தெரியவில்லை. மச்சாள் வந்து பேசினா, செல்வி பேசினாள், யார் என்ன பேசினார்கள் என்று என் மண்டையில் ஏறவில்லை. மிதுலா அண்ணனிடம் பழைய கதைகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாத சொல் வந்தால் நிறுத்திக் கேட்டாள். நான் எனக்குத் தெரிந்திருந்த பதினொரு மாதத்தை எடுத்துப் புதிதாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணிக்கு வாசல் மணி அடித்தது. ஃபியோனா.

மிதுலா போனை வைக்கப்போனாள். அண்ணன், "வைக்காத. இருக்கட்டும். இவன் எழுதுறதை நான் பாக்கோணும்" என்றார். ஃபியோனா போனுக்குள் சாரத்தோடு இருந்தவரைப் பார்த்துக் கையசைத்தார், அண்ணன் அவசரமாக ஒரு சேர்ட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு கும்பிட்டார். நான் புத்தகத்தை விரித்தேன். ஃபியோனாவின் பெயரை ஒவ்வோர் எழுத்தாக எழுதினேன். விலாசம் எழுதினேன், திகதி எழுதினேன், கையெழுத்து வைத்தேன்.

"வடிவா, விளங்கிற மாதிரி எழுதினியா?" என்றார் அண்ணன். மிதுலா புத்தகத்தைத் தூக்கிப் போனுக்கு முன்னால் பிடித்தாள். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டு ஆங்கிலத்தில் வாய்விட்டு வாசித்தார். "சரி" என்றார்.

ஃபியோனா ஹெல்மெட்டைப் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். கார் தெருமுனையில் திரும்பிப் போகும்வரை நாங்கள் மூவரும் வாசலில் நின்றோம். இரண்டாவது கியரைக் கொஞ்சம் பிந்தித்தான் மாற்றினார். பழகிவிடுவார். செல்வி மூக்கை உறிஞ்சினாள். சின்னவீட்டுக்காக அழுகிறாயா என்று நான் கேட்கவில்லை.

உள்ளே வந்தால் போன் அப்படியே இருந்தது. அண்ணன் அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். செல்வியும் மிதுலாவும் மெல்ல முன்னறைக்குப் போய்விட்டார்கள். நான் கதிரையை இழுத்துப் போட்டு முன்னால் இருந்தேன்.

"அண்ணா."

"சொல்லு."

"என்னை மன்னிச்சிரு அண்ணா." சொல்லிவிட்டேன். இருபது வயதில் சொல்லியிருக்க வேண்டியது, ஐம்பத்தைந்தில் சொன்னேன்.

அண்ணன் கோப்பையைக் கீழே வைத்தார். இந்த முறை சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சேர்ட் நுனியால் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மன்னிக்க நீ என்னடா செஞ்சாய்? போகச் சொன்னம், போய்ச் சேந்தாய். அதுக்குத்தானே அவ்வளவும்."